ஓட ஓடச் சரியாகிவிடுமாம்!

"ஓட ஓடச் சரியாகிவிடும் சார்." கார் சக்கரத்தில் சத்தம் என்று போய் நிற்கும்போது இனி யாராவது என் காதுபட இதைச் சொன்னால் நான் பொறுமையாக இருக்க மாட்டேன். எது சரியாகும்? எப்படிச் சரியாகும்? இரும்பும் இரும்பும் உரசினால் ஒன்று தேயும், அல்லது இரண்டும் தேயும். தேய்ந்து தீர்ந்த பிறகு சத்தம் நிற்கும். அதற்குப் பெயர் சரியாவதா?

காருக்குப் புது அலாய் வீல், அதாவது உலோகக் கலவைச் சக்கரம், மாட்டிய கையோடு சத்தத்துக்காக அலைந்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. கொண்டுபோய் விடும்போது சத்தமே இல்லாத வண்டி. எடுத்துக்கொண்டு கடை வாசலைத் தாண்டுவதற்குள் முன்பக்கம் இடதுபுறத்திலிருந்து டிக், டிக், டிக். வேகம் கூடினால் நெருங்கி வருகிறது, குறைந்தால் இடைவெளி விடுகிறது. நியூட்ரலில் உருண்டாலும் வருகிறது. வண்டி நின்றால், எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தாலும், நின்றுவிடுகிறது. கோளாறு எஞ்சினில் இல்லை, சக்கரத்தில்தான் என்பதற்கு இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? சாதாரணக் கார் டயரின் சுற்றளவு ஏறக்குறைய 2 மீட்டர். மணிக்கு 18 கிலோமீட்டர் வேகத்தில் போனால் நொடிக்கு 5 மீட்டர், அதாவது இரண்டரைச் சுற்று. டிக்கும் அதே கணக்கில்தான் விழுகிறது. சுற்றுக்கு ஒன்று.

வீல் மாட்டிய கடைக்காரரிடம் இதையெல்லாம் சொல்லி, கூட வந்து கேளுங்கள் என்று அழைத்தேன். வந்தார். ஏறியதும் ஜன்னல் கண்ணாடியை ஏற்றினார். ஏசியை முழு வேகத்தில் வைத்தார். ஓடிக்கொண்டிருந்த பாட்டை நான்தான் கை நீட்டி நிறுத்த வேண்டியிருந்தது. தெருமுனை திரும்பியதும் கைப்பேசி அடித்தது. எடுத்துப் பேசினார், சிரித்தார், யாரோ ஒருவருக்கு டயர் விலை சொன்னார், அந்த விலையில் பேரமும் பேசினார். டிக் என்று விழும்போதெல்லாம் நான் அவர் முகத்தைப் பார்க்கிறேன், அவர் சாலையைப் பார்க்கிறார். பேச்சு முடிந்தபோது கடைக்கே திரும்பிவிட்டோம். "ஒன்றும் கேட்கவில்லையே சார்" என்று சொல்லிக்கொண்டே இறங்கினார். சத்தம் கேட்க வந்த மனிதர்!

விடவில்லை. மறுபடி ஏற்றி, எல்லாவற்றையும் அணைத்து, கண்ணாடிகளை இறக்கி, ஒரு மதில் சுவரை ஒட்டி மெதுவாக ஓட்டினேன். சுவரில் பட்டுத் திரும்பும் சத்தம் யாருக்கும் கேட்கும். அவருக்கும் கேட்டது, முகம் மாறியதைப் பார்த்தேன். உடனே காரணங்கள் வரத் தொடங்கின. புது டயரில் முள் முள்ளாக நீட்டிக்கொண்டிருக்கும் ரப்பர் என்றார். மயிரிழை போன்ற ரப்பர், உலோகத்தில் உலோகம் தட்டும் சத்தத்தை எப்படி எழுப்பும்? பிரேக் டிஸ்க்கில் துரு என்றார். சாலை சரியில்லை என்றார். கடைசியில், "உங்களுக்குக் காது ரொம்பக் கூர்மை சார்." காசு வாங்கிக்கொண்டு வேலை செய்தவர், கோளாறு என் காதில் இருக்கிறது என்கிறார்! அதற்குப் பிறகுதான் அந்த ஓட ஓட.

ஜாக்கியில் தூக்கி, கையால் சுழற்றி, பக்கத்தில் உட்கார்ந்து கேட்க எவ்வளவு நேரம் ஆகும்? பார்க்க வேண்டியவை ஒன்றும் ரகசியமல்ல. நட்டின் அடிப்பாகம் புது வீலின் குழியோடு பொருந்துகிறதா? கூம்பு வடிவக் குழியில் உருண்டை அடி நட்டைப் போட்டு முடுக்கினால் அது சரியாக உட்காராது, பிடியும் நிற்காது. வீலின் நடு ஓட்டை, வீலைத் தாங்கும் நடுக்குடமான ஹப்பைவிடப் பெரிதாக இருந்தால் இடைவெளியை நிரப்பும் வளையம் போட்டார்களா? ஹப் முகத்தில் துருவைச் சுரண்டாமலே மாட்டினார்களா? டிஸ்க்குக்குப் பின்னால் இருக்கும் மெல்லிய தகடு வளைந்து உரசுகிறதா? ஊம் என்ற ரீங்காரமாக இருந்து, வளைவில் பாரம் ஒரு பக்கம் சாயும்போது கூடிக் குறைந்தால், சக்கரம் தடையில்லாமல் சுழல உதவும் பேரிங்கைச் சந்தேகிக்க வேண்டும். நட்டுகளை எதிரெதிராக முடுக்கி, கடைசி முடுக்கை, விசையை அளந்து முடுக்கும் டார்க் ரெஞ்சில் வைத்து, 100 கிலோமீட்டர் வாக்கில் ஓடியதும் மறுபடி சரிபார்க்க வேண்டும். காற்றழுத்தத்தில் நட்டு முடுக்கும் ஏர் கன்னை வைத்து டர்ரென்று அடித்துவிட்டு அடுத்த வண்டிக்குப் போவதா வேலை? கழன்றால் போவது உயிர்.

வேறொரு பட்டறையில் ஒரு பெரியவர் வண்டியைத் தூக்கி, சக்கரத்தை ஒரு சுற்று விட்டார். டிக். கழற்றி டார்ச் அடித்தார். வீலின் உள்வளைவில் பேலன்சிங்குக்காக, அதாவது சக்கரம் ஆடாமல் சுழல எடையைச் சமன் செய்வதற்காக, ஒட்டியிருந்த எடைத் துண்டுகளில் ஒன்றின் ஓரம் சீவியதுபோல் பளபளத்தது. டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் பிரேக் கேலிபரின் தோளில், பெயின்ட் உரிந்து, அதே அகலத்துக்கு ஒரு வெள்ளிக் கோடு. துண்டுகளைப் பிய்த்து, கேலிபர் தொடாத இடத்தில் ஒட்டி, மறுபடி பேலன்ஸ் செய்தார். சத்தம் போயே போய்விட்டது.

இப்போது நினைத்தாலும் வயிறு எரிகிறது. அப்படியே ஓட்டியிருந்தால் ஒருநாள் அந்தத் துண்டு பிய்த்துக்கொண்டு போயிருக்கும். டிக் நின்றிருக்கும். "பார்த்தீர்களா, சரியாகிவிட்டது" என்று அந்தக் கடைக்காரர் நெஞ்சை நிமிர்த்தியிருப்பார். நெடுஞ்சாலையில் வேகம் எடுத்ததும் நடுங்கும் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டிருப்பது நானாக இருந்திருப்பேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். கடையில் வண்டியைப் பத்தடி நகர்த்துவதற்காக ஏறுகிறவர் இருக்கையைக் கடைசிவரை பின்னால் தள்ளி, சாய்வை மாற்றி, கண்ணாடிகள் அத்தனையையும் திருப்பி வைத்துவிட்டுப் போகிறாரே, இறங்கும்போது பழையபடி வைத்தால் கையா வலிக்கும்?