கொழுப்பை உறையவைக்கும் முன் கேட்க வேண்டிய கணக்கு

கனடாவைச் சேர்ந்த லிண்டா இவாஞ்சலிஸ்டா 1990களில் உலகின் முன்னணி மாடல்களில் ஒருவர். உடம்பில் சில இடங்களில் சதையைக் குறைக்க, கொழுப்பைக் கத்தியில்லாமல் குளிரவைத்துக் கரைக்கும் கூல்ஸ்கல்ப்டிங் சிகிச்சை செய்துகொண்டார். குறைய வேண்டிய இடத்தில் கொழுப்பு பெருத்து இறுகிவிட்டது. சரிசெய்ய நடந்த அறுவை சிகிச்சைகளும் பலன் தரவில்லை. வெளியே தலைகாட்டாமல் இருந்தவர் 2021 செப்டம்பரில் இன்ஸ்டாகிராமில் எல்லாவற்றையும் எழுதினார். இப்படி ஆகலாம் என்று முன்கூட்டியே தனக்குச் சொல்லவில்லை என்பதுதான் அவருடைய புகார். என் கோபமும் அங்கேதான் இருக்கிறது.

இந்தச் சிகிச்சை மோசடி என்று நான் சொல்லவில்லை. குச்சி ஐஸ் சப்பும் குழந்தைகளின் கன்னக் கொழுப்பு சிவந்து வீங்குவதை 1970லேயே மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். தோலைவிடக் கொழுப்பணு குளிரைக் குறைவாகத்தான் தாங்கும். பாஸ்டனில் மான்ஸ்டீன், ஆண்டர்சன் என்ற இரு தோல் மருத்துவர்கள் பன்றிகளில் இதைச் சோதித்து நிரூபித்தார்கள். 2010ல் இடுப்புப் பக்கச் சதைக்கு அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏவின் அனுமதி கிடைத்தது. கருவி சதையை உறிஞ்சிப் பிடித்துக் குளிர வைக்கும். செத்த அணுக்களை உடம்பே மெதுவாக அகற்றும். இரண்டு மூன்று மாதத்தில் அந்த இடத்துக் கொழுப்பின் தடிமன் ஏறக்குறைய 20 சதவீதம் குறையும். அவ்வளவுதான், உடல் எடை குறையாது.

ஆனால் லிண்டாவுக்கு வந்த பாதிப்பு 2014லேயே மருத்துவ இதழில் வெளியாகிவிட்டது. 4,000ல் ஒன்று என்பது தயாரிப்பாளர் தரப்பு கொடுத்த கணக்கு. கேட்கும்போது மிகச் சிறிய எண்ணாகத்தான் இருக்கும். அது ஆட்களின் கணக்கு அல்ல, கருவியை ஒருமுறை வைத்து எடுக்கும் ஒவ்வொரு சுற்றின் கணக்கு! வயிற்றில் இரண்டு, இடுப்பில் இரு பக்கமும், அப்புறம் ஒரு மாதம் கழித்து அதே இடங்களில் மறுபடியும் என்றால் ஒருவருக்கே எட்டு சுற்று ஆகிவிடும். அப்போது அவருக்கான ஆபத்து 500ல் ஒன்று. பின்னால் வந்த சில ஆய்வுகளில் அந்தப் பாதிப்பு இன்னும் அதிகமாகவே தெரிந்தது. வந்துவிட்டால் தானாகக் கரையாது, பெரும்பாலும் கொழுப்பை உறிஞ்சி எடுக்கும் லைப்போசக்ஷன் அறுவைதான் வழி. கத்திக்குப் பயந்து இந்தப் பக்கம் வந்தவர் கடைசியில் அறுவை மேஜையில்தான் படுக்க வேண்டும். இதைச் சொல்லாமல் வாங்கும் கையெழுத்தைச் சம்மதம் என்று எப்படி ஏற்பது?

நம் ஊர் அழகுச் சிகிச்சை மையங்களிலும் இது நடக்கிறது என்பதால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம்மவர்களின் தொப்பையில் உள்ளுறுப்புகளைச் சுற்றிச் சேரும் கொழுப்பு அதிகம். சர்க்கரை நோய்க்கு வழிவிடுவதும் அதுதான். கையால் பிடித்துத் தூக்க முடிகிற சதையைத்தான் இந்தக் கருவி தொடும், உள்ளே இருப்பதைத் தொடவே தொடாது. இடுப்பளவு ஆணுக்கு 90, பெண்ணுக்கு 80 சென்டிமீட்டரைத் தாண்டியிருந்தால் அந்தப் பணத்தில் முதலில் ஒரு ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். அதன் பிறகும் இடுப்பு மடிப்பு உறுத்தினால் தாராளமாகப் போங்கள், அது உங்கள் உடம்பு, உங்கள் விருப்பம். எத்தனை சுற்று, கொழுப்பு பெருத்துவிட்டால் செலவு யாருடையது என்பதை மட்டும் எழுத்தில் வாங்கிக்கொண்டு படுங்கள்.