கையில் இருப்பது நிறுத்தக்குறி மட்டும்தான்

நீதிமன்றச் சுருக்கெழுத்தாளர்களுக்கு இலக்கணமும் நிறுத்தக்குறியும் கற்பிப்பதையே தொழிலாகக் கொண்ட ஆசிரியரைப் பற்றிய கட்டுரை அருமை. மற்ற இலக்கண ஆசிரியர்கள் வாக்கியத்தையே மாற்றச் சொல்லலாம். இங்கே அது நடக்காது. சாட்சி உளறினாலும் சொன்னது சொன்னபடியே பதிவாக வேண்டும். 'பார்த்தேன் ராத்திரி பத்து மணிக்கு அவர் கிளம்பிவிட்டார்' என்று ஒருவர் மூச்சுவிடாமல் சொல்கிறார் என்று வையுங்கள். பத்து மணிக்குப் பார்த்தாரா, பத்து மணிக்கு அவர் கிளம்பினாரா? முற்றுப்புள்ளி விழும் இடத்தில் வழக்கே திரும்பிவிடும்! அமெரிக்கச் சான்றிதழ்த் தேர்வில் சாட்சி விசாரணைப் பகுதிக்கு நிமிடத்துக்கு 225 சொல் வேகம் வேண்டும். அப்புறம் மாணவர்கள் வேகத்தின் பின்னாலேயே ஓடுவதில் வியப்பில்லை. ஆனால் இலக்கணத்தை ஒப்புக்கு ஒரு பாடமாக வைப்பது சரியில்லை என்பேன்.