தஞ்சாவூர் ஓவியம் ராஜராஜன் காலத்ததா?

"தங்க ரேக்கு (மெல்லிய தங்கத் தகடு) ஒட்டும் தஞ்சாவூர் ஓவியம் ராஜராஜன் உருவாக்கியது, பெரிய கோயில் சுவரிலும் அதுதான்" என்று ஒரு வாட்ஸ்அப் தகவல் சுற்றுகிறது. தவறு.

கருவறைச் சுற்றில் இருப்பவை சுண்ணச் சாந்தில் தீட்டிய சுவரோவியங்கள். வெள்ளையானையில் கயிலை செல்லும் சுந்தரரைப் பாருங்கள்: கோடும் வண்ணமும்தான், ரேக்கு ஒட்டவில்லை, கல் பதிக்கவில்லை. நாயக்கர் கால ஓவியங்களுக்கு அடியில் மறைந்திருந்த இந்தச் சோழர் ஓவியங்கள் வெளிச்சத்துக்கு வந்ததே 1931-இல்.

பலகையில் துணி ஒட்டி, மக்கு (சுண்ணப்பொடியும் பசையும் கலந்த சாந்து) பூசி, நகைகளை மேடாக்கி ரேக்கு பதிக்கும் முறை மராத்தியர் ஆட்சியில், குறிப்பாக இரண்டாம் சரபோஜி (1798–1832) காலத்தில் செழித்தது. அந்த ஓவியர்களின் உழைப்பை வேறொருவர் கணக்கில் எழுதுவது வருத்தமாக இருக்கிறது. சரஸ்வதி மகால் அருங்காட்சியகத்தில் பழைய ஓவியங்களை நேரில் பார்க்கலாம். தயவுசெய்து அந்தத் தகவலை இனி பகிர வேண்டாம், அனுப்பியவரிடமும் சொல்லுங்கள்.