வெள்ளிக்கிழமை விஷயமாகக் கடைசியாக ஒரு முறை

பெங்களூரு பீன்யாவில் உலோகத் துண்டுகளில் துளையும் மரையும் போட்டுக் கொடுக்கும் சின்ன ஷெட் நடத்துகிறேன். டெலிவரி நான்கு நாள் தள்ளிப்போனதற்காக, ஆர்டர் கொடுத்த கம்பெனி மேனேஜர் வெள்ளிக்கிழமை எங்களைத் திட்டியதைப் பற்றி அன்று ராத்திரியே எழுதியிருந்தேன். அதற்குக் கீழே வந்த அறிவுரைகளைப் படித்த பிறகு மனசு இன்னும் கனத்துப்போனது. அதனால் பொறுமையாக இன்னொரு முறை எழுதுகிறேன்.

நான் சொல்வது ஒன்றுதான். வேலை தாமதமாவது டெலிவரி தேதியன்று இல்லை. முதல் இரண்டு வாரத்தில் யாரோ ஒருவர் சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விடும்போதே அது தாமதமாகிவிடுகிறது.

பி.ஓ., அதாவது ஆர்டர் கடிதம், வந்தது 4ஆம் தேதி. அறுபது அலுமினியத் துண்டுகள், 25க்குள் கொடுக்க வேண்டும். 14ஆம் தேதி ராத்திரி பத்து மணிக்கு வாட்ஸ்அப்பில் புது டிராயிங் வருகிறது: எம்8 (8 மி.மீ. திருகுக்கான) துளைகள் எல்லாம் இப்போது எம்10. அதற்குள் இருபத்து நான்கு துண்டுக்கு டேப் போட்டு மரை வெட்டியாகிவிட்டது. 8.5 மி.மீ. டிரில் விட்டால் பழைய மரை போய்விடும், துண்டைக் காப்பாற்றலாம். ஆனால் ஒவ்வொன்றையும் மறுபடி மெஷினில் பிடித்து மையம் பார்க்க வேண்டும். மரை போட்ட துண்டுகளுக்கு மேல்பூச்சும் நிறமும் ஏற்றும் எங்கள் அனோடைசிங் கடையில் கறுப்பு நிறம் செவ்வாயும் வெள்ளியும் மட்டும்தான் போடுவார்கள். 22ஆம் தேதி வெள்ளியைத் தவறவிட்டோம். அந்த ஒரு நாள் தவறியதால் டெலிவரி நான்கு நாள் தள்ளிப்போனது. "உங்க பசங்களுக்கு டேட்டுன்னா என்னன்னே தெரியாதா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டவருக்கு அந்த 14ஆம் தேதி ஞாபகமே இல்லை.

நல்ல சாஃப்ட்வேர் வாங்குங்கள் என்று நான்கு பேர் எழுதியிருக்கிறீர்கள். எட்டு பேர் வேலை செய்யும் பீன்யா ஷெட் இது. வேலைக் கணக்கு வைக்கும் கம்ப்யூட்டர் ஷீட் எங்களிடமும் இருக்கிறது. சொன்னதைத்தான் ஷீட்டில் ஏற்ற முடியும். சொல்லாததை எந்த ஷீட் காட்டும்?

இன்னும் இரண்டு பேரைப் போட்டிருக்கலாமே என்கிறீர்கள். புதிதாக வருகிறவருக்கு எங்கள் மெஷின் செட்டிங் பிடிபட ஒரு வாரம் ஆகும். அந்த ஒரு வாரமும் இருப்பதிலேயே நல்ல ஆபரேட்டர் அவருக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டு நிற்பார். அவசர வேலையில் ஆள் சேர்த்தால் அது இன்னும் இழுக்கும், நான் பட்டுத் தெரிந்துகொண்டது.

டிராயிங் மாறி வந்த அன்றைக்கே "தேதி தள்ளும்" என்று எழுதிக் கொடுத்திருக்கலாமே என்று ஒருவர் கேட்டார். அது நியாயமான கேள்வி, கொஞ்சம் வலித்தது. சின்னக் கடைக்காரர் அப்படிச் சொன்னால் அடுத்த ஆர்டர் பக்கத்து ஷெட்டுக்குப் போய்விடும் என்ற பயம்தான் காரணம். பணம் கேட்பதிலும் அதே பயம்தான். எங்களைப் போன்ற சின்னத் தொழிலுக்கு, ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006லேயே சட்டம் வந்துவிட்டது. மீறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் பேங்க் ரேட் வட்டியைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டியும் உண்டு. இத்தனை வருஷத்தில் வட்டி கேட்டு ஒரு பில்கூட நான் அனுப்பியதில்லை. நாங்கள் நான்கு நாள் தள்ளினால் கூட்டம் போட்டுத் திட்டுகிறார்கள். அவர்கள் மூன்று மாதம் தள்ளினால் நான் போன் பண்ணி "சார், கொஞ்சம் பாருங்க" என்கிறேன்.

அப்பாவுக்கு அந்தப் பயம் கிடையாது. ஸ்ரீராமபுரத்தில் சின்ன அச்சகம் வைத்திருந்தார், பெரும்பாலும் கல்யாணப் பத்திரிகைதான். பெண் வீடும் மாப்பிள்ளை வீடும் புரூஃபில் கையெழுத்துப் போடாமல் மெஷினில் காகிதம் ஏற்ற மாட்டார். "முகூர்த்தத்தை என்னால தள்ளி வைக்க முடியாதுங்க, உங்க கையெழுத்தை முந்தி வாங்கிக்க முடியும்" என்பார். கோபித்துக்கொண்டு வேறு அச்சகம் போனவர்களும் உண்டு. அப்பா மாறவில்லை. சித்தப்பா பெண் கல்யாணத்துக்கே கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் அடித்தார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், சொல்லக் கஷ்டமாக இருக்கிறது. மறுபடி பிடித்த துண்டுகளில் துளை மையம் விலகுகிறது என்று எங்கள் ஆபரேட்டர் தம்பிக்குத் திங்கட்கிழமையே தெரியும். எனக்குச் சொன்னது புதன்கிழமை. இரண்டு நாள் தனியாகவே சரிசெய்யப் பார்த்திருக்கிறான். திங்களே தெரிந்திருந்தால் வெள்ளிக்கிழமை அனோடைசிங்கைப் பிடித்திருப்போம். ஏன் சொல்லவில்லை? போன வருஷம் ஒரு டூல் உடைந்ததும் ஓடிவந்து சொன்னான், நான் எல்லார் முன்னாலும் கத்தினேன். அந்த மேனேஜர் எனக்குச் செய்ததைத்தான் நான் அவனுக்குச் செய்திருக்கிறேன்.

டொயோட்டாவில் லைனில் நிற்கும் யாரும் ஏதாவது குறை கண்டால் கயிற்றை இழுத்தோ பட்டனை அழுத்தியோ கூப்பிடலாம், தீராவிட்டால் லைனே நிற்கும். அது பெரிய கம்பெனிக்குச் சரி, உங்களுக்கு எதற்கு என்பீர்கள். எட்டு பேருக்குக் கயிறுகூட வேண்டாம், "அண்ணா, இங்க வாங்க" என்றால் போதும். அப்படிக் கூப்பிட்டவனைத்தான் நான் பயமுறுத்தி வைத்திருந்தேன்.

வெள்ளிக்கிழமை அவர் பேசும்போது அந்தத் தம்பி கையில் பெட்டியோடு என் பக்கத்தில்தான் நின்றான். திரும்பி வரும்போது வண்டியில் ஜாலஹள்ளி கிராஸ் வரைக்கும் வாய் திறக்கவில்லை. மறுநாள் ஒரு மணி நேரம் முன்னாலேயே வந்து மெஷினைத் துடைத்துக்கொண்டிருந்தான். டீ வாங்கிக் கொடுத்து, போன வருஷம் கத்தியதற்கு மன்னிப்புக் கேட்டேன். தலையை ஆட்டினான். அப்புறம், இரண்டாம் மெஷினில் ஸ்பிண்டில் (டூலைச் சுழற்றும் தண்டு) சத்தம் வேறு மாதிரி கேட்பதாகச் சொன்னான். சொல்லலாமா வேண்டாமா என்று ஒரு வாரமாக யோசித்துக்கொண்டிருந்தானாம்.