செருகினால் ஆமை, பிடுங்கினால் குதிரை

பேட்டரியில் ஓடும்போது லேப்டாப் மெதுவானால் யாருக்கும் கோபம் வராது. சிக்கனம் பார்க்கிறது, சரி என்று விட்டுவிடுவோம். என்னுடையது நேரெதிர். சார்ஜரைச் செருகினால் ஒரு ஃபோல்டரைத் திறக்கவே மூச்சு வாங்கும். பிடுங்கினால் பழையபடி பறக்கும்.

விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் ஓட்டும் ஆள் ஆயிற்றே, முதல் சந்தேகம் லினக்ஸ் மேல்தான். பேட்டரியை மிச்சப்படுத்தும் டிஎல்பி என்ற நிரலைத் தூக்கினேன், லினக்ஸின் மையமான கெர்னலையே மாற்றினேன். ப்ராசஸரின் வேகத்தைத் தீர்மானிக்கும் 'கவர்னர்' அமைப்பு 'பவர்சேவ்' (மின்சிக்கனம்) என்றிருந்ததைப் பார்த்ததும் திருடன் சிக்கினான் என்று துள்ளினேன். ஆனால் இன்டெல் ப்ராசஸர்களின் வேகத்தைக் கவனிக்கும் பி-ஸ்டேட் டிரைவரில் அந்தப் பெயருக்கு அப்படி அர்த்தமே இல்லை. வேலைக்குத் தகுந்தபடி வேகம் ஏறி இறங்கத்தான் செய்யும். பெயர் வைத்தவரை நாலு கேள்வி கேட்க வேண்டும். இரண்டு நாள் இப்படியே போனது.

முதலில் செய்திருக்க வேண்டியதை அப்புறம்தான் செய்தேன். ப்ராசஸருக்குள் கணக்குப் போடும் ஒவ்வொரு கோரின் வேகமும் விநாடிக்கொரு முறை டெர்மினலில் வரும்படி வைத்துவிட்டு, சார்ஜரைச் செருகினேன். 2700, 2900 என்று ஆடிக்கொண்டிருந்த எட்டு எண்களும் 400-க்கு விழுந்து அப்படியே உறைந்தன. 400 மெகாஹெர்ட்ஸ்! சூடு 44 டிகிரிதான், ஃபேன் சுற்றக்கூட இல்லை. சூட்டினால் குறையும் வேகம் இப்படி ஆணி அடித்தாற்போல் நிற்காது. சார்ஜர் செருகியிருந்தும் பேட்டரி 61 சதவீதத்தைத் தாண்டவில்லை. அதை இரண்டு நாளாகப் பார்த்தும் பார்க்காமல் இருந்திருக்கிறேன்.

செயலியில், அதாவது ப்ராசஸரில், ப்ராக்ஹாட் என்றொரு இணைப்பு உண்டு. 'எனக்குச் சுடுகிறது' என்று செயலி வெளியே சொல்ல வந்தது. ஆனால் அது இருவழிப் பாதை. மதர்போர்டும் அதே இணைப்பு வழியாகச் செயலியை அடக்கலாம். என் சார்ஜர் முனையின் நடுவே மெல்லிய ஊசி ஒன்று உண்டு. தான் எத்தனை வாட் என்று லேப்டாப்புக்குச் சொல்வது அதன் வேலை. கேபிள் மடங்கி மடங்கி அந்த இழை மட்டும் அறுந்துவிட்டால் கரண்ட் வரும், அடையாளம் வராது. ஆள் யாரென்று தெரியாததால் லேப்டாப் பயந்து தவழ்கிறது. லேப்டாப் துவங்கும்போதே திறக்கக்கூடிய பயாஸ் அமைப்பில் போய்ப் பார்த்தால், அடாப்டர் வகை 'அன்னோன்' (தெரியவில்லை) என்றிருந்தது.

செயலிக்குள் இருக்கும் எம்எஸ்ஆர் என்ற அமைப்புப் பதிவேட்டில் ஒரு பிட்டை மாற்றி, மதர்போர்டின் இந்தக் கட்டுப்பாட்டை அணைத்துவிடலாம். சோதனைக்குச் சரி, நிரந்தரமாக வேண்டாம் என்பேன். செயலி தன் சூட்டைத் தானே பார்த்துக்கொள்ளும். ஆனால் மதர்போர்டுக்குத் தாங்காதபோது செயலியிடம் கத்த வழியிருக்காது.

வேகத்தைக் குறைத்தது தப்பே இல்லை. வாயைத் திறக்காமல் குறைத்ததுதான் என் ஆத்திரம். பேட்டரி 10 சதவீதமானால் துள்ளிக் குதித்து அறிவிக்கத் தெரிகிறதே, 'இந்தச் சார்ஜரை எனக்குத் தெரியவில்லை' என்று திரையில் ஒரு வரி போட்டால் என்னவாம்?

அதே வாட்டில் சரியான சார்ஜரை மாட்டினேன், எண்கள் எழுந்துவிட்டன. அவசரத்தில் மாற்றிய கெர்னல் மட்டும் அப்படியே கிடக்கிறது. திருப்பி மாற்றச் சோம்பல்.