அறுவை சிகிச்சையோடு செலவு முடிவதில்லை

“முதுகெலும்பு அறுவை சிகிச்சைக்குத்தான் பணம் சேர்ந்துவிட்டதே, நடக்கவே முடியாதவருக்கு மறுவாழ்வுப் பயிற்சி என்று மேலும் கேட்பது ஏமாற்று” என்று, தண்டுவடம் அடிபட்ட ஒருவருக்காக நிதி கேட்கும் வேண்டுகோளைப் பற்றி மேலே ஒருவர் எழுதியிருப்பது தவறு. அறுவை சிகிச்சை எலும்பை நிலைநிறுத்தும். அதற்குள் ஓடும் நரம்புக் கற்றையான தண்டுவடம் சேதமடைந்திருந்தால், அதைப் பழையபடி ஆக்காது. அதோடு, பயிற்சி நடப்பதற்கு மட்டும்தான் என்று யார் சொன்னது? படுக்கையிலிருந்து சக்கர நாற்காலிக்குத் தானே மாறுவது, நாளுக்கு 4 முதல் 6 முறை குழாய் செருகிச் சிறுநீரை வெளியேற்றுவது, உணர்வற்ற இடுப்புத் தோலில் சிவப்பு தெரிகிறதா என்று கண்ணாடி பிடித்துப் பார்ப்பது, எல்லாமே கற்றுக்கொள்ள வேண்டியவை. நாற்காலித் திண்டின் விலையைக் கேட்டு மலைப்பவர்கள், அது இல்லாமல் வரும் அழுத்தப் புண் ஆற மாதக்கணக்கில் ஆகலாம் என்பதை அறியாதவர்கள். பணம் நேராகச் சிகிச்சை மையத்துக்குப் போகிறதா என்று தாராளமாகக் கேளுங்கள். “ஆறே மாதத்தில் நடந்துவிடுவார்” என்று உறுதி கொடுக்கும் வேண்டுகோளைத்தான் நான் சந்தேகிப்பேன்.