பூட்டுச் சின்னம் இருந்தால் அரசுத் தளமா?

"முகவரி டாட் இன் என்று முடிந்து, பக்கத்தில் பூட்டுச் சின்னமும் இருந்தால் அது அரசுத் தளம்தான், பயப்படாமல் பணம் கட்டலாம்" என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். இரண்டுமே தவறு. டாட் இன் முகவரியைச் சில நூறு ரூபாய்க்கு யார் வேண்டுமானாலும் வாங்கலாம். பூட்டு என்பது, நீங்கள் தட்டுவதை நடுவழியில் யாரும் படிக்க முடியாது என்பதற்கு மட்டும்தான் அடையாளம். மறுமுனையில் இருப்பது திருடனா அதிகாரியா என்று அது சொல்லாது.

அரசு அமைப்புகளுக்கு மட்டும் கிடைப்பது கவ் டாட் இன் (gov.in). அதுவும் கடைசியில், முதல் ஒற்றைச் சாய்கோட்டுக்கு (/) ஒட்டி முன்னால் வர வேண்டும். நடுவில் புள்ளிக்குப் பதில் சிறுகோடு போட்டு 'கவ்-இன்' என்று வைத்தால் அவசரத்தில் கண்ணுக்குத் தெரியாது. என் சித்தப்பா அப்படித்தான் மாட்டினார்.

பாஸ்போர்ட்டுக்கு உண்மையான தளம் பாஸ்போர்ட்இந்தியா டாட் கவ் டாட் இன், செயலி எம்பாஸ்போர்ட் சேவா. பெரியவர்களுக்கு 36 பக்கப் புத்தகம் 1,500 ரூபாய், தத்கால் என்றால் கூடுதலாக 2,000. போலித் தளங்களைப் பற்றி வெளியுறவுத் துறையே பெயர் போட்டு எச்சரித்திருக்கிறது. அந்தப் பட்டியலில் டாட் இன் முகவரிகளும் உண்டு. கூகுளில் தேடும்போது மேலே 'விளம்பரம்' என்று வருவதைத் தொடாதீர்கள். சரி, ஏற்கெனவே கட்டிவிட்டீர்களா? உடனே இணையக் குற்ற உதவி எண்ணான 1930-க்குப் போன் போடுங்கள், வங்கிக்கும் சொல்லுங்கள்.